கல்யாணம் எடுக்கக் கேமரா வாங்கப் போறீங்களா? காசை இங்கே போடுங்க

"கல்யாணம் எடுக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். 2,500 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கு மேல் பாடிக்கே, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கே போய்விட்டால் கணக்கு தப்பு. புத்தம்புது பாடியோடு கூடவே வருகிற மலிவான கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள், கொஞ்சம் ஜூம் செய்ததுமே எஃப் 5.6-க்கு வந்துவிடும் (இந்த எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கிறது என்று அர்த்தம்), அதே இடத்தில் பழைய கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் வைத்திருப்பவருக்கு உங்களைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

பாடியில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இரண்டு மெமரி கார்டு போடுகிற இரண்டு ஸ்லாட். மெகாபிக்சல் எல்லாம் அப்புறம். நான் முதன்முதலாக எடுத்த கல்யாணத்தில் ஒற்றை ஸ்லாட் கேமராதான், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கார்டு திறக்கவே இல்லை. தாலி கட்டியது நல்லவேளை வேறு கார்டில் இருந்தது, நலங்கு முழுதும் போச்சு. பெண்ணின் அம்மாவிடம் "ஆன்ட்டி, அந்தப் படங்கள் இல்லை" என்று சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி750 (2014-இல் வந்தது), கேனன் 5டி மார்க் III (2012), கொஞ்சம் கூடக் காசிருந்தால் சோனி ஏ7 III (2018), இந்த மாதிரிப் பாருங்கள். மூன்றிலும் இரண்டு ஸ்லாட் உண்டு. கேனன் 6டி மலிவாகக் கிடைக்கும், படமும் அழகு, ஆனால் ஒரே ஸ்லாட். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு சுற்று வாருங்கள், பழைய கேமராவுக்கு அங்கே நிறையக் கடைகள். பழைய பொருள் விற்கிற கரோசெல் ஆப்பில் இன்னும் குறைவாக அகப்படும், ஆனால் எம்ஆர்டி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுகிற வேலை வேண்டாம். உங்கள் கார்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள், ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள் (டி750-க்கு ஒன்றரை லட்சம் தாங்கும் என்பது நிக்கான் கணக்கு, ஷட்டர் கோளாறுக்காகச் சில சீரியல் எண்களை நிக்கானே திரும்ப அழைத்தது, அதையும் சரிபார்க்க வேண்டும்). லென்ஸ் என்றால் கைபேசி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

லென்ஸ் இரண்டு போதும். டாம்ரான் 24-70 மிமீ எஃப் 2.8 ஜூம், சோனி என்றால் 28-75, அது பொதுவேலைக்கு. அப்புறம் தூரத்து முகத்தைக் கிட்டே இழுக்க ஒரு 85 மிமீ எஃப் 1.8. கெட்டிமேளம் முழங்கியதும் மணவறையைச் சுற்றி மாமா, சித்தப்பா, பத்துப் பதினைந்து ஹேண்ட்போன், முன்னால் வீடியோக்காரர், மேலே பறக்கிற அட்சதை. நீங்கள் ஓரமாக நின்று இடுக்கு வழியாகத்தான் முகத்தைப் பிடிக்க முடியும், அங்கேதான் 85 சோறு போடும். இன்னும் தூரம் இழுக்கிற 70-200 ஜூம் மேல் ஆசையாக இருந்தால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

ஃபிளாஷுக்குக் கோடாக்ஸ் போதும், லித்தியம் பேட்டரி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், தாலி ஏறுகிற நேரத்தில் சார்ஜ் ஏறக் காத்திருக்க முடியாது. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் கூரை தாழ்வாக, வெள்ளையாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் அருமையாக வரும். கோயிலில் அது நடக்காது. கூரை எட்டாத உயரம், எட்டினாலும் பச்சையும் சிவப்புமாகப் பூசியிருப்பதால் அந்த நிறம் மாப்பிள்ளை முகத்தில் வந்து உட்காரும். ஓமப் புகைக்கு நேராக அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், அங்கே ஃபிளாஷை அணைத்துவிட்டு 85-ஐ எடுங்கள். ரிசப்ஷன் மேடையில் எல்இடி திரை இருந்தால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைத் தொடாதீர்கள், படம் முழுக்கக் கோடு விழும். மண்டப விளக்குக்கு ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குத் துடிப்பிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மிச்சக் காசில் ஒரு சின்ன டிரை கேபினட், அதாவது ஈரத்தைக் குறைத்து வைக்கிற பெட்டி. வைக்க இடமில்லை என்று சொல்லாதீர்கள், ஈரப்பதம் 45 விழுக்காட்டுப் பக்கம் இருந்தால் மேலே சொன்ன சிலந்தி வலை உங்கள் லென்ஸில் வராது.

இன்னொன்று, ஏர்கான் காரிலிருந்து இறங்கிய உடனே பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிக்கொள்ளும், துடைத்தாலும் மறுபடி மூடும். அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளிக்காற்றில் வைக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு ஏழரைக்கு என்றால் நான் ஆறே முக்காலுக்கே வந்து, பையைக் காலடியில் வைத்துவிட்டு, எதிர்க் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.