பழைய பின்-அப் காலண்டரும் கத்தரிக்கோலும்

போன மாதம் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் கில் எல்வ்கிரென் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த, கவர்ச்சிப் பெண் படம் போட்ட 1950களின் பின்-அப் காலண்டர் ஒன்றை வாங்கிவிட்டு, "கீழே இருக்கிற விளம்பரத்தை வெட்டிட்டு ஃபிரேம் போடணும்" என்றான். எனக்குப் பகீரென்றது. நானும் ஒருமுறை அதே தப்பைச் செய்தவன். இப்படிப் பழைய அலங்காரப் பொருள்களை வாங்குகிறவர்கள் செய்யும் தப்புகளில் சிலவற்றைக் கீழே சொல்கிறேன். கிழிசல், கறை எல்லாம் கண்ணுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன்.

கீழ்ப்பகுதியை வெட்டுவது

1945 முதல் எல்வ்கிரென் வரைந்துகொடுத்தது மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரிலிருந்த பிரௌன் அண்ட் பிகலோ கம்பெனிக்கு. அவர்கள் ஒரே படத்தை ஊர் ஊராகப் பல கடைகளுக்கு விற்பார்கள். அடியில் அந்தந்தக் கடையின் பெயர் அச்சாகும். அதாவது, படம் எல்லோருக்கும் பொது. ஊர், கடை, சின்னத் தொலைபேசி எண், தேதித்தாள் எல்லாம்தான் உங்கள் கையிலிருப்பதற்கு மட்டும் உரியவை. அதை வெட்டிவிட்டால் பிற்கால மறுஅச்சிலிருந்து பிரித்துச் சொல்வது பெரும்பாடு.

நான் வெட்டியது ஒரு டிராக்டர் கடைக் காலண்டர். பன்னிரண்டு மாதத் தாளும் கிழியாமல் இருந்தது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து நேராக வெட்டினேன், அதில் பெருமை வேறு. விற்கப் போனபோது வியாபாரி திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்றார். மீதி குப்பைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிடைத்தது நான் நினைத்த விலையில் கால் பங்கு.

காசு போனதைவிட இன்னொன்று இன்றும் உறுத்துகிறது. எல்வ்கிரென் மாடலைப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரையும்போது அந்தப் பெண்ணின் கால்களை நீளமாக்குவார், இடுப்பை ஒடுக்குவார். அந்த இடுப்புக்குக் கீழே டயர், பிரேக், ஆயில் என்று விளம்பரம். அந்த அழகு எந்தச் சுவருக்காக, யார் கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு அந்த நாலு வரிதான் சாட்சி. அதைத்தான் நான் வெட்டி எறிந்தேன்.

வரவேற்பறையில் மாட்டி, 'அந்தக் காலத்து வீடு' என்பது

இந்தக் காலண்டர்கள் பெரும்பாலும் தொங்கியது மெக்கானிக் ஷெட்டிலும் பட்டறையிலும்.

வரைந்தவர்கள் எல்லாம் ஆண்கள் என்று நினைப்பது

பின்-அப் ஓவியர் ஸோயி மோஸர்ட் என்ற பெண், கண்ணாடி முன் நின்று தன்னையே மாடலாக்கி வரைந்தவர்.

பெரிய கண் படங்களை வால்டர் கீன் கணக்கில் எழுதுவது

பெரிய பெரிய கண்களோடு குழந்தைகள் நிற்கும் படங்கள் அவை. தான் வரைந்ததாக வால்டர் சொல்லிக்கொண்டாலும், 1960களில் அமெரிக்க வீட்டுச் சுவர்களில் பிரிண்டாக ஏறிய அந்தப் படங்களை வரைந்தவர் அவர் மனைவி மார்கரெட். 1986-இல் ஹொனலுலு நீதிமன்றத்தில் இருவரையும் வரைந்து காட்டச் சொன்னபோது, மார்கரெட் 53 நிமிடத்தில் ஒன்றை வரைந்தே காட்டினார். வால்டருக்கு அன்றைக்குத் தோள்வலியாம்.

பெண் தலை வடிவப் பூச்சாடியைத் தேய்த்துக் கழுவுவது

பலவற்றில் மேல்பூச்சு சூளையில் சுடாதது. உதட்டுச் சிவப்பு ஸ்பாஞ்சோடு வந்துவிடும்.