அமைதிப் பரிசு சீக்கிரமே வந்துவிட்டால் வாங்கலாமா? தலைவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்காக

நாட்டை ஆளும் உங்கள் தலைவருக்கு, வேலை முடியும் முன்னாலேயே நோபல் அமைதிப் பரிசு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் "இவருக்குத் தகுதி இருக்கிறதா" என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். அதை ஊரே பேசிக்கொள்ளும், டிவி விவாதம் ஒரு வாரம் ஓடும், நீங்கள் வேறு சேர்ந்து பேச வேண்டியதில்லை. தலைவரின் ஆலோசகர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த ஓராண்டில் இவர் போடப்போகிற கையெழுத்துகள் இந்தப் பரிசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஒபாமா கதையையே எடுத்துக்கொள்வோம். 2009 ஜனவரி 20-ல் பதவியேற்றார். அந்த ஆண்டுக்கான நோபல் பரிந்துரைகளுக்குக் கெடு பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, அதாவது நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 9-ல் பரிசு அவருக்கு என்று அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பிராகில் அணு ஆயுதம் பற்றி ஓர் உரை, கெய்ரோவில் முஸ்லிம் உலகத்தைப் பார்த்து ஓர் உரை என்று நடந்ததையும் நோபல் குழு கணக்கில் எடுத்தது என்றாலும், கையில் இருந்தது பெரும்பாலும் பேச்சுதான், செயல் இன்னும் வரவில்லை. அப்புறம் டிசம்பர் 1-ல் ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 படையினரை அனுப்புவதாக அறிவித்தார். ஒன்பது நாள் கழித்து நார்வேயின் ஆஸ்லோவில் பரிசு மேடை!

இப்படி ஒரு கோப்பு உங்கள் தலைவர் மேஜையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் பரிசைத் தள்ளிவிடு என்று நான் சொல்ல மாட்டேன். ஒபாமா செய்ததைச் செய்யச் சொல்வேன். நடந்துகொண்டிருக்கும் இரண்டு போர்களின் தலைமைத் தளபதி நான் என்பதை அவரே அந்த மேடையில் எடுத்துச் சொன்னார், போர் எப்போது நியாயம் என்று வாதாடினார். அந்த வாதத்தோடு சண்டை போடலாம், ஆனால் மறைத்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுப்பது எப்போது சரி? இதற்கு நல்ல முன்மாதிரி 1973-ல் வட வியட்நாம் சார்பில் பேச்சு நடத்திய லே டுக் தோ. வியட்நாம் போரை நிறுத்தப் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்துக்காக அவருக்கும் அமெரிக்கத் தரப்பின் கிஸ்ஸிங்கருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். போர்நிறுத்தம் மீறப்படுகிறது, வியட்நாமில் இன்னும் அமைதி வரவில்லை, அதனால் வேண்டாம் என்றார். ஒரே வரிக் காரணம், யார் வேண்டுமானாலும் செய்தித்தாளைப் பிரித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் மறுப்பையும் அப்படி ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மறுங்கள். "நான் இன்னும் தகுதியடையவில்லை" என்ற அடக்கம் மட்டும் போதாது, அது மறுப்பாகக் கேட்காது, இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்பது போலக் கேட்கும். கிஸ்ஸிங்கர் வாங்கிக்கொண்டார், ஆனால் விழாவுக்குப் போகவில்லை. 1975-ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்ததும் பரிசைத் திருப்பித் தருகிறேன் என்றார், குழு வாங்கவில்லை. அதனால் இப்போது வாங்கிக்கொள்வோம், நிலைமை மாறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளைக் கூட்டத்தை விட்டு வெளியே அனுப்புங்கள்.

தயங்காமல் வாங்க வேண்டிய நிலைமையும் உண்டு. கொலம்பியாவின் அப்போதைய அதிபர் சான்டோஸ், தன் நாட்டு கெரில்லாக்களோடு போட்ட அமைதி ஒப்பந்தத்தை 2016 அக்டோபர் 2-ல் மக்கள் வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்கடித்தார்கள், ஐந்தே நாளில் அவருக்கு நோபல் அறிவிப்பு வந்தது. வேலை பாதியில் நிற்கிறது, எதிரணி வலுவாக இருக்கிறது, வெளியிலிருந்து ஒரு தள்ளு தேவை. நவம்பரில் திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. பரிசால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் வந்த பரிசுக்குப் பயன் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரி நேரத்தில்தான்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி எது என்று கேட்டால், எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதைச் சொல்வேன். பக்கத்து நாடான எரித்திரியாவோடு இருந்த இருபதாண்டு முறைப்பை முடித்ததற்காக 2019-ல் பரிசு. ஆஸ்லோவுக்கு வந்தார், வழக்கமான பத்திரிகையாளர் சந்திப்பை மட்டும் தவிர்த்தார். 2020 நவம்பரில் அவர் நாட்டின் வடக்கே திக்ராய் பகுதியில் போர் தொடங்கியது, எரித்திரியப் படைகளே அவர் பக்கம் நின்று சண்டையிட்டன. 2022-ல் நோபல் குழுவே, போரை நிறுத்தும் சிறப்புப் பொறுப்பு உங்களுக்கு உண்டு என்று வெளிப்படையாக அறிக்கை விட வேண்டியதாயிற்று. கேள்விகளைச் சந்திக்கத் தயாரில்லாத தலைவரைப் பரிசு வாங்க அனுப்பாதீர்கள்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? முதல் அறிக்கை அன்றைக்கே போக வேண்டும், சின்னதாக இருக்கட்டும். ஒபாமா, முன்பு பரிசு பெற்றவர்களின் வரிசையில் நிற்க எனக்குத் தகுதி இருப்பதாக நினைக்கவில்லை, செயலுக்கான அழைப்பாக ஏற்கிறேன் என்றார், அவ்வளவு போதும். சட்ட அதிகாரியிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வெளிநாட்டு அரசுகளிடமிருந்து பதவியில் இருப்பவர் பரிசு பெற அமெரிக்க அரசியல் சட்டத்தில் தடை உண்டு, நோபல் குழு வெளிநாட்டு அரசு அல்ல என்று அந்நாட்டு நீதி அமைச்சகம் ஒபாமாவின் விழாவுக்கு மூன்று நாள் முன்னால்தான் எழுதிக் கொடுத்தது. பணத்தை எங்கே கொடுப்பது என்பதையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், கட்சிப் பக்கமோ குடும்ப அறக்கட்டளைப் பக்கமோ ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. ஒபாமா சுமார் 14 லட்சம் டாலரைப் பத்து அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

போவதானால் முழுசாகப் போங்கள். ஒபாமா நார்வே மன்னரோடு வழக்கமாக நடக்கும் மதிய விருந்தைத் தவிர்த்தார், அந்த ஊர்க்காரர்கள் அதை ரசிக்கவில்லை. விழாவுக்கே வராமல் இருந்தவர்கள் யாராவது உண்டா என்று ஒபாமாவின் ஆட்கள் விசாரித்ததாக நோபல் குழுவின் அப்போதைய செயலர் பின்னாளில் எழுதினார். அந்த மாதிரி விசாரணை வெளியே வராமல் இருக்காது, ஆகவே போன் செய்து கேட்பதற்கு முன்னாலேயே போவதா வேண்டாமா என்று உங்களுக்குள் முடிவு செய்துவிடுங்கள்.