நேருவின் வெளியுறவு: பர்மாக் கணக்கில் தேதி பிசகக் கூடாது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நேருவின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி எழுதும் கட்டுரைகளில், ஆண்டு தவறாமல் அதே பிழைகள் வருகின்றன. பாதிப் பிழைகள், இன்று தாள் திருத்துகிறவர்கள் தங்கள் காலத்தில் எழுதியவைதான். எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பம் எல்லாம் தானே சரியாகிவிடும். வாதத்தையே சாய்த்துவிடும் பிழைகளை மட்டும் பார்ப்போம்.

பர்மாவில் போனதையெல்லாம் ஒரே வரியில் எழுதுவது

"நேரு வாய் திறக்கவில்லை, பர்மாவில் செட்டியார் சொத்தெல்லாம் போயிற்று." செட்டிநாட்டுப் பிள்ளை எழுதும் கட்டுரையில் இந்த வரி இல்லாமல் இருப்பது அபூர்வம். வீட்டுத் திண்ணையில் கேட்டது அப்படியே தாளுக்கு வந்துவிடுகிறது. திண்ணையில் சொன்னவர்களுக்கு இழப்பு ஒன்றுதான். கட்டுரை எழுதுகிறவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பர்மாவில் சொத்து ஒரே நாளில் போகவில்லை. வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு அரசின் கீழ், வெவ்வேறு காரணத்தால் போயிற்று.

முதலில், நிலம் எப்படிக் கைக்கு வந்தது? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவின் அன்றைய தலைநகர் ரங்கூனுக்குப் போனது கொடுக்கல் வாங்கலுக்கு, நிலம் சேர்க்க அல்ல. நெல் பயிரிடுகிறவருக்குக் கடன், அதற்கு நிலம் ஈடு. 1930-ல் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் வட்டியும் வரவில்லை, அசலும் வரவில்லை. ஈட்டு நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம். பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாகத் திரும்பியது. ஐந்தொகையில் அது சொத்து. பர்மிய விவசாயியின் கண்ணில் அது அயலான் கைக்குப் போன வயல்.

இனி இழப்புகள். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஓடிவந்தார்கள். அப்போது டெல்லியில் ஆண்டவர்கள் ஆங்கிலேயர். அந்த ஆகஸ்ட்டிலேயே நேரு சிறைக்குப் போய்விட்டார். இந்த இழப்பை அவர் கணக்கில் எழுத வழியே இல்லை.

இரண்டாவது, நில தேசியமயச் சட்டம். பர்மா விடுதலை பெற்றது 4 ஜனவரி 1948. அதே ஆண்டில் பிரதமர் ஊ நூவின் அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியம் வட்டாரத்தில் தொடங்கிய வேலை உள்நாட்டுப் போரில் நின்றுபோய், 1953-ல் புதுச் சட்டத்தோடு மறுபடி தொடங்கியது. நேருவைக் கேள்வி கேட்கலாம் என்றால் இங்கேதான்.

மூன்றாவது, 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த நே வின் ராணுவம் 1963-ல் வங்கிகளையும் 1964 மார்ச்சில் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. நேரு இறந்தது மே 27. அவருடைய கடைசி ஓரிரு ஆண்டுகளில் நடந்ததை 1948-ன் தலைப்பில் எழுதினால் எந்த வாதமும் நிற்காது.

சரி, 1948-ல் நேரு என்ன செய்தார்? நிலத்தை எடுக்கும் உரிமை பர்மாவுக்கு இல்லை என்று அவர் சொல்லவில்லை. நியாயமான இழப்பீடு கொடுங்கள் என்றுதான் கேட்டார். கோழைத்தனம் என்று எழுதுவதற்கு முன் அதே 1948-ல் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்கள் அதில்தான் போயின. செட்டிநாடு இருப்பதே அந்த மண்ணில். சொந்த ஊரில் ஜமீனை ஒழிக்கிற கட்சி, ரங்கூனில் போய் ஊரில் இல்லாத நிலக்காரருக்காக எந்த வாயால் வாதாடும்? அதோடு, 1949 தொடக்கத்தில் பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன்களின் கிளர்ச்சிப்படை ரங்கூனை ஒட்டிய இன்செய்ன் வரை வந்துவிட்டது. ஊ நூவின் அரசு நிற்க வேண்டும் என்று இந்தியாவே ஆயுதம் அனுப்பியது. ஒரு கையால் தாங்கிப் பிடிக்கிற அரசை மறுகையால் எவ்வளவு நெருக்க முடியும்? போதாக்குறைக்கு இந்தியாவுக்கு அரிசியும் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வைத்த பிறகும் நேருவைக் குறை சொல்ல இடம் இருக்கிறது. 1954-ல் இந்தியா பர்மாவிடம் 9 லட்சம் டன் அரிசி வாங்க ஒப்புக்கொண்டது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது ஏற்பட்ட கடன் பாக்கியும் அந்தப் பேரத்தோடு சேர்த்துத் தீர்க்கப்பட்டது. அரிசியும் கடனும் ஒரே மேசைக்கு வந்த அந்த நேரத்தில் நில இழப்பீட்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் அது வாதம். "வாய் திறக்கவில்லை" என்பது வெறும் ஆதங்கம்.

எழுத உட்காரும் முன் நான்கு நெடுவரிசைக்குக் கோடு போடுங்கள்: ஆண்டு, ரங்கூனில் ஆண்டவர், டெல்லியில் ஆண்டவர், போனது என்ன. கணக்குப்பிள்ளை பேரேட்டில் பற்று எழுதுவது போல ஒவ்வொன்றையும் அதனதன் தேதியில் எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இலங்கையையும் இதே பையில் போடுவது

கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவர் வேறு, மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் நசுக்கியது இரண்டாமவரை. அங்கேயே வாழ்கிறவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேரு பிடித்த பிடி. 1954-ல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு ஒப்பந்தம் போட்டபோதும் அதை அவர் முழுதாக விடவில்லை. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது 1964 அக்டோபரில், நேருவுக்குப் பின் பிரதமரான சாஸ்திரி. அதை நேரு பெயரில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அணிசேராமை என்றால் ஒதுங்கி நிற்பது என்று நினைப்பது

கொரியப் போர் 1953-ல் நின்றபோது, தாய்நாட்டுக்குத் திரும்ப மறுத்த கைதிகள் 22 ஆயிரத்துக்கும் மேல். அவர்களைக் காவல் காக்க இந்தியப் படை போனது. அந்தக் கைதிகளுக்காக அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மையா. ஒதுங்கி நிற்கிறவர் ஏற்கிற வேலையா அது? காமன்வெல்த்தில் நீடித்ததையும் பழைய பாசம் என்று எழுதாதீர்கள். 1947-ல் லண்டனில் முடங்கிக்கிடந்த இந்தியாவின் ஸ்டெர்லிங் நிலுவை, அதாவது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய பணம், சுமார் 116 கோடி பவுண்டு. இவ்வளவு பாக்கி வர வேண்டிய இடத்தில் உறவை முறித்துக்கொள்ள யாரும் அவசரப்படுவதில்லை என்பது செட்டிநாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாண்டுங்கில் அணிசேரா இயக்கம் பிறந்தது என்பது

இல்லை. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய-ஆப்பிரிக்க மாநாடு நடந்தது 1955, இயக்கம் பிறந்தது 1961, பெல்கிரேடு. பாண்டுங்கைக் கூட்டிய ஐந்து நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று, அதுவும் அமெரிக்கக் கூட்டணியில் இருந்துகொண்டே.

முதல் நிதியமைச்சர் நகரத்தார் என்பது

ஆர். கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். நகரத்தார் அல்ல.

பஞ்சசீலத்தை எல்லை ஒப்பந்தம் என்பது

29 ஏப்ரல் 1954-ல் சீனாவோடு கையெழுத்தானது, திபெத்தோடு வணிகமும் போக்குவரத்தும் பற்றிய ஒப்பந்தம். ஐந்து கொள்கைகள் அதன் முகப்பில் வந்தவை. உள்ளே ஆறு கணவாய்களின் பெயர் இருக்கிறது, எல்லைக்கோடு எங்கே என்று ஒரு வரி இல்லை. காலம் எட்டு ஆண்டு. 1962 ஜூனில் காலாவதியானது. அக்டோபர் 20-ல் போர்.