ஸ்க்ரூ கழற்றக்கூடிய லேப்டாப்பாக வாங்குங்கள்

தை மாசியில் நெல்லுப் பணம் கைக்கு வந்ததும், அப்புறம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், என் கடையில் ஒரே கேள்விதான்: “தம்பி, புள்ளைக்கு லேப்டாப்பு வாங்கணும், எந்தக் கம்பெனி நல்லது?” மன்னார்குடி பந்தலடிப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம், முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்பேன். மூடியைக் கழற்றினால் ரேம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), பேட்டரி மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடியுமா? முடியும் என்றால் அந்த மெஷினை உள்ளூரிலேயே பல வருஷம் ஓட்டிவிடலாம். ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கும் மெயின் போர்டோடு ஒட்டியிருந்தால், ஒன்று போனாலும் தஞ்சாவூர், திருச்சி என்று அலைச்சல்தான். போர்டு மாற்றச் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு, பலர் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள்.

பாடம் படிக்க, வீடியோ பார்க்க, பிராஜெக்ட் டைப் அடிக்க, ஆன்லைனில் விண்ணப்பம் போட 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போதும். திரை ஃபுல் ஹெச்டி, அதாவது 1920க்கு 1080 இருக்கட்டும். இன்ஜினியரிங்கில் கேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும்) சாஃப்ட்வேர் ஓட்டும் பிள்ளைக்கு மட்டும் 16 ஜிபி.

மலிவாகக் கிடைக்கிறதே என்று 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி போட்ட புது லேப்டாப்பை வாங்காதீர்கள். பெட்டி பளபளவென்று இருக்கும், எடையும் குறைவு. ஆனால் இஎம்எம்சி என்பது எஸ்எஸ்டிக்குப் பதிலாகப் போர்டிலேயே பற்றவைத்த சேமிப்புச் சில்லு. கழற்றிப் பெரிதாகப் போட முடியாது. விண்டோஸும் நாலு சாஃப்ட்வேரும் ஏறியதும் இடம் தீர்ந்துவிடும், அடுத்த பெரிய அப்டேட்டுக்கு மூச்சுத் திணறும். அதேபோல ரைசன் 3 7320யூ பிராசஸர் வருகிற மாடல்களில் ரேம் ஒட்டித்தான் வரும். மெஷின் மோசமில்லை; ஆனால் இப்போது 8 வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

கையில் 20,000 ரூபாய்தான் இருக்கிறதா? புதிதைத் தேடாதீர்கள், ஆபீஸ்களில் ஓடிக் கழிந்து வருகிற செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பைப் பாருங்கள். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490 மாதிரி மாடல்கள். ரேம், எஸ்எஸ்டி எல்லாம் மாற்றலாம், கீபோர்டும் உறுதி. டி480இல் இரண்டு பேட்டரி. பின்பக்கத்து பேட்டரியைத் தாழை நகர்த்தி, லேப்டாப்பை அணைக்காமலே கழற்றி மாட்டலாம். 2018இல் கஜா புயலுக்கு அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரனுக்கு இது பெரிய விஷயம்.

செகண்ட் ஹேண்டில் ஏமாற்று நடப்பது இன்டெல் பிராசஸரின் தலைமுறையில்தான். “ஐ7 மெஷின் சார், அடிமாட்டு விலை” என்பார்கள். ஐ7க்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. ஐ7-4600யூ என்றால் நாலாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். பழையதில் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அந்த நாலாம் தலைமுறை ஐ7ஐவிட எட்டாம் தலைமுறை ஐ3யே மேல்.

கடையில் அவசரப்படாமல் உட்காருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ரேம் எவ்வளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா என்பது அங்கேயே தெரியும். அப்புறம் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம்; அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், வேறு எடுங்கள். சார்ஜர் பின்னை மெல்ல ஆட்டிப் பாருங்கள், சார்ஜ் விட்டு விட்டு ஏறக்கூடாது. ஒருமுறை அணைத்துப் போட்டு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வரும் செட்டிங்கிற்குள், போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் பழைய ஆபீஸின் பூட்டு இன்னும் கழலவில்லை. அந்த மெஷின் வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் “4 ஜிபிதான் இருக்கு, அப்புறம் போட்டுக்கலாம்” என்பதை நம்பி எடுக்காதீர்கள்.

நம் பக்கத்துத் தொல்லை தனி. அறுவடை நேரத்தில் களத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்குப் பின்னால் நெல் சுணை கம்பளி மாதிரி படிந்திருக்கும். சூடேறித் தானாக அணைகிறது என்பார்கள். பெரும்பாலும் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, பிராசஸரில் சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் தடவினால் சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். ஈரம் ஏறும், எறும்பும் குடியிருக்கும். அடிக்கடி ஓட்டினாலே அந்தச் சூட்டில் உள்ளே காய்ந்துவிடும். எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜ் போட்டால் சில மெட்டல் பாடி லேப்டாப்பில் கைக்குச் சுருக்கென்று இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள்.

இன்னொன்று. 2011இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப் அண்ணனுடையதோ அக்காவுடையதோ பரணில் கிடக்கலாம். எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு அதுவே போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் 240 ஜிபி சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டும், எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸும் ஏற்றுங்கள், இரண்டும் இலவசம். தமிழில் டைப் அடிக்க தமிழ்99 விசைப்பலகையும் அதில் வைத்துக்கொள்ளலாம். போர்டு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிட்டு எஸ்எஸ்டிக்குப் பணம் கொடுங்கள்.