பாஸ்காவும் ஐ.இ.பி. கூட்டமும் ஒரே வாரத்தில் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சியில் என் மகனும் ஒரு தோழியின் மகனும் ஒரே பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்வந்தார்கள். வெளியே நாற்காலியில் காத்திருந்த நேரத்தில் பழக்கமானவள் அவள். மத விதிகளை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பம், மூன்று பிள்ளைகள், நடுப்பிள்ளைக்கு ஆட்டிசம். மார்ச் மாதம் வந்தால் அவள் கைப்பையில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்றில், புளித்த மாவுப் பண்டத்தை விலக்கும் பாஸ்கா என்ற எட்டு நாள் யூதப் பண்டிகைக்கு முன் தீர்க்க வேண்டிய மாவு, பிஸ்கட், நூடுல்ஸ். மற்றொன்றில் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்.

சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அமெரிக்க அரசுப் பள்ளி எழுத்தில் ஒரு தனித்திட்டம் போட வேண்டும். அதற்குப் பெயர் ஐ.இ.பி. 1975-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் கொடுத்த உரிமை இது. வருடத்துக்கு ஒரு முறையாவது பெற்றோரோடு உட்கார்ந்து அதைத் திருத்த வேண்டும். பல பள்ளி மாவட்டங்கள் அந்தக் கூட்டங்களை வசந்த காலத்தில் அடுக்கி வைக்கின்றன. பாஸ்காவும் அப்போதுதான். அவள் செய்த தவறுகளையும், என் பிள்ளை விஷயத்தில் நானே செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். இந்த இரண்டு வேலைகளிலும் கெடு என்பது கெடுதான். நெகிழக் கூடியது, நாமாகத் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை மட்டும். எது கெடு, எது சுமை என்று பிரிக்கத் தெரியாததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

தேதியை மட்டும் சொல்லிவிட்டு வருவது

யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. ஆபீஸ் காலண்டரில் 2026 ஏப்ரல் 2 பாஸ்கா என்று அச்சாகியிருக்கும். ஆனால் வீட்டில் பண்டிகை ஏப்ரல் 1 புதன் மாலையே வந்துவிடும். காலண்டரைப் பார்த்த பள்ளியின் கேஸ் மேனேஜர், "அப்படியானால் முதல் நாள் மதியம் 3 மணிக்கு வைத்துக்கொள்ளலாமே" என்பார், நல்ல மனதோடுதான். அந்த 3 மணிக்கு அவள் வீட்டில் அடுப்பு நான்கும் எரிந்துகொண்டிருக்கும். அன்று காலையில்தான் மிச்சமிருந்த ரொட்டித் துண்டுகளை வாசலில் எரித்திருப்பார்கள்.

இந்தப் பண்டிகை வருடா வருடம் நகர்வதும் பள்ளிக்காரர்களைக் குழப்புகிறது. 2025-இல் ஏப்ரல் 12 மாலை, 2026-இல் ஏப்ரல் 1, 2027-இல் ஏப்ரல் 21. நம் பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாதம் போல யூதக் காலண்டரிலும் 19 வருடத்துக்கு 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். போன வருடத் தேதியை வைத்து இந்த வருடத்தைக் கணக்குப் போட முடியாது.

அதனால் ஜனவரியிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். அதில் பண்டிகையின் பெயரை விட நேரம் முக்கியம். இந்த மாலை முதல் இந்த இரவு வரை போன் எடுக்க மாட்டேன், எழுத மாட்டேன், கார் ஓட்ட மாட்டேன் என்று எழுத வேண்டும். 2026-இல் புதன் மாலை முதல் சனி இரவு வரை, இரண்டு பண்டிகை நாளும் சப்பாத் என்ற சனிக்கிழமை ஓய்வு நாளும் சேர்ந்து மூன்று நாள் தொடர்ச்சியாக அப்படி. கடைசி இரண்டு நாளும் அப்படியே. நடுவில் இருக்கும் நாட்களில் அவசரமென்றால் பேசலாம். அதை மறைத்து "எட்டு நாளும் முடியாது" என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறுதான். நடுவில் ஒரு நாள் பள்ளி வாசலில் உங்களைப் பார்த்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையான தடை கூட எடுபடாது.

கூட்டத்தைப் பெற்றோருக்கும் ஒத்துவரும் நேரத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். வருடத்துக்கு ஒன்று என்பது குறைந்தபட்சக் கணக்கு, கெடுவுக்கு முன்னாலேயே பிப்ரவரியில் வைப்பதற்குத் தடை ஏதும் இல்லை. இது தெரிய அவளுக்கு மூன்று வருடம் ஆயிற்று. எனக்கு அதற்கும் மேல்.

கையெழுத்துப் போடாவிட்டால் போதும் என்று நினைப்பது

இருக்கிற தவறுகளிலேயே விலை அதிகமானது இதுதான். கூட்டத்தில் உடனே கையெழுத்துப் போடாதே, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படி என்று எல்லாரும் சொல்வார்கள். சரியான அறிவுரைதான், ஆனால் பாதி. முதல்முதலாகப் போடப்படும் ஐ.இ.பி.க்குத்தான் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கட்டாயம். அதற்குப் பிறகு வரும் மாற்றங்களுக்கு நியூ ஜெர்சியில் கணக்கு வேறு. மாவட்டம் எழுத்தில் அறிவிப்பு கொடுக்கும். 15 நாளுக்குள் நீங்கள் சமரசப் பேச்சையோ விசாரணையையோ கோராவிட்டால், மாற்றம் தானாக நடைமுறைக்கு வந்துவிடலாம். இங்கே மௌனம் சம்மதமாகத்தான் எண்ணப்படும்.

இதைப் பாஸ்காவோடு பொருத்திப் பாருங்கள். 2026 மார்ச் 30 திங்களன்று அறிவிப்பு கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நாள் ஏப்ரல் 14-ஓடு முடியும். அதில் சப்பாத்தும் சேர்த்து ஆறு நாள் பேனாவைத் தொட முடியாது. முதல் இரண்டு நாள் சமையலில் போகும். நடுவில் பள்ளிக்கே விடுமுறை என்றால் சந்தேகம் கேட்கவும் ஆள் இருக்காது. ஓடுவது காலண்டர் நாட்கள், வேலைநாட்கள் இல்லை. அவள் ஒரு வருடம் அந்த உறையை "பண்டிகை முடியட்டும்" என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

அறிவிப்பு வந்த அன்றே உறையின் மேல் கடைசி தேதியை எழுதிவிடுங்கள். மறுப்பு இருந்தால் இரண்டு வரியாவது பண்டிகைக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். ஆனால் "ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரு வரி மின்னஞ்சல் கெடுவை நிறுத்தாது. நிறுத்துவது முறையான கோரிக்கைதான். அந்தப் படிவத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் நல்லது. வேறு மாநிலங்களில் நாள் கணக்கு வேறு, மாசசூசெட்ஸில் பெற்றோர் பதில் சொல்ல 30 நாள். கூட்டத்தில் சுற்றி வரும் வருகைத் தாளில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது, அதில் தயங்காமல் போடலாம்.

ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாகக் கேஸ் மேனேஜரிடம் பேசி எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுவதும் இதே வகைத் தவறு. போனை வைத்த கையோடு, "இன்று நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று எழுதி அனுப்பாவிட்டால் அந்தப் பேச்சு நடந்ததற்குச் சாட்சி உங்கள் வீட்டுக் குழம்பு மட்டும்தான்.

தூசிக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் துடைப்பது

பாஸ்காவில் விலக்க வேண்டியதன் பெயர் ஹமேட்ஸ். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதுவும் தண்ணீர் பட்டுப் புளித்தால் அது ஹமேட்ஸ். சாப்பிடக் கூடாது, வீட்டில் சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. மட்ஸா என்ற புளிப்பில்லாத அப்பத்துக்கு மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து வேலை முடிய 18 நிமிடம்தான் கணக்கு. மடி சமையல் பார்த்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு எல்லாம் சுலபமாகப் புரியும்.

ஆனால் ஜன்னல் திரையைத் துவைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. மேல் பரணைக் காலி செய்யச் சொல்லியும் இல்லை. "தூசி ஹமேட்ஸ் இல்லை" என்று யூத மதகுருக்களான ரபிகளே வருடா வருடம் நினைவூட்டுகிறார்கள். போகிக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தே தீருவேன் என்று நிற்கும் நம் பாட்டிகளின் பிடிவாதம் கடல் கடந்தும் இருக்கிறது. சாப்பாடு போகாத இடத்தை விட்டுவிடலாம். தீராத பொருட்களை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டி, ரபி மூலம் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடலாம். அப்படி மிச்சப்படும் இரண்டு மாலைகளில்தான் ஐ.இ.பி. வரைவைப் படிக்க முடியும்.

உண்மையாகத் தேட வேண்டிய இடங்கள் வேறு, சிறப்புக் குழந்தை இருக்கும் வீட்டில் அவை அதிகமும் கூட. பிளே-டோ களிமண்ணில் கோதுமை மாவு இருக்கிறது. கை உணர்வுப் பயிற்சிக்கு வைக்கும் டப்பாவில் மக்ரோனியோ ஓட்ஸோ இருக்கும். பள்ளிப் பையின் அடியில் நொறுங்கிய கிராக்கர். வீட்டுக்கு வரும் பயிற்சியாளர், சரியாகச் சொன்னால் பரிசு என்று பையில் மீன் வடிவ பிஸ்கட் வைத்திருப்பார். அவரிடம் யாரும் சொல்வதில்லை. பள்ளியிலும் பரிசாகத் தின்பண்டம் கொடுக்கிறார்கள் என்றால் அந்த எட்டு நாளுக்கு மாற்றாக எதைக் கொடுப்பது என்று ஒரு பொட்டலத்தோடு சொல்லி அனுப்ப வேண்டும்.

பிள்ளையிடம் கடைசியாகச் சொல்வது

ஒரே நாளில் சமையலறை மேடை முழுக்க அலுமினியத் தாள், தட்டு வேறு, டம்ளர் வேறு, காலை சீரியல் டப்பா காணோம். பெரியவர்களுக்கு இது பண்டிகை வாசனை. வழக்கம் மாறினால் நிலைகுலையும் பிள்ளைக்கோ வீடே மாறிப்போன மாதிரி. போன வருடப் படங்களை வைத்து பத்துப் பக்கக் கதைப் புத்தகம் ஒன்றை வீட்டிலேயே செய்து, இரண்டு வாரம் முன்னாலிருந்து தினம் ஒரு முறை படித்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அலறல் குறைந்தது.

சாப்பாட்டில் இன்னொரு சிக்கல். அவள் மகன் சாப்பிடுவது மூன்றே பொருட்கள், அதில் ஒன்று வெறும் சோறு. அரிசி ஹமேட்ஸ் இல்லை. ஆனாலும் ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் பாஸ்காவில் அரிசியையும் பருப்பையும் வழக்கமாக விலக்குகிறார்கள். ஸ்பெயின் வழி வந்த செஃபார்டி யூதர்கள் பலர் சாப்பிடுகிறார்கள். யூத மதத்திலேயே சற்று நெகிழ்வான கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015-இல் அஷ்கெனாசிகளுக்கும் அனுமதித்தது. இவள் ஆர்த்தடாக்ஸ், இரண்டு வருடம் யாரையும் கேட்காமல் பிள்ளையைப் பட்டினி போடாத குறையாக ஓட்டினாள். மூன்றாம் வருடம் ரபியைக் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லையாம். தனிப் பாத்திரத்தில் வடித்துக் கொடு என்றார். மருந்தும் அப்படித்தான். விழுங்கும் மாத்திரைகளைப் பெரும்பாலான ரபிகள் அனுமதிக்கிறார்கள். இனிப்பு சிரப், மெல்லும் மாத்திரைகளுக்குத்தான் கேட்க வேண்டியிருக்கும். எதையும் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. பேச உதவும் டேப்லெட்டைப் பண்டிகை நாளில் தொடலாமா என்பதும் முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்வி. பதில் எதுவானாலும், லேமினேட் செய்த படப் பலகை ஒன்று கைவசம் இருக்கட்டும்.

விடுமுறையை வெறும் விடுமுறையாக விட்டுவிடுவது

கோடைக்காலத்திலும் பயிற்சி தொடர வேண்டும் என்று கேட்கும்போது பள்ளி முதலில் பார்ப்பது, இடைவெளி விட்டால் பிள்ளை எவ்வளவு இழக்கிறான், திரும்பப் பிடிக்க எத்தனை நாள் ஆகிறது என்பது. பாஸ்கா விடுமுறை அந்தக் கேள்விக்குத் தானாக அமைந்த சோதனை. விடுமுறைக்கு முந்தின நாள் எத்தனை படங்களைக் காட்டிக் கேட்டான், திரும்பிய முதல் வாரம் எத்தனை, பழைய நிலைக்கு வந்தது எந்த நாள் என்று குறித்தால் போதும். பண்டிகை நாளில் எழுத முடியாது, பரவாயில்லை, முன்னும் பின்னும்தான் கணக்கு. ஆசிரியரிடமும் அதே குறிப்பைக் கேட்டு வாங்கலாம். அவள் இரண்டு வருடக் குறிப்பை மேஜையில் வைத்தபோது கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது.

இலையுதிர் கால விடுப்பும் கணக்கில் வரட்டும். 2025-இல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா முதல் சிம்ஹத் தோரா வரை ஏழு பண்டிகை நாட்கள் பள்ளி நாட்களில் விழுந்தன. 2026-இல் பெரும்பாலும் சனி ஞாயிறுகளில், உபவாச நாளான யோம் கிப்பூர் மட்டும் திங்கள். தவறும் பயிற்சி நேரம் ஈடு செய்யப்படுமா என்பதை செப்டம்பருக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும்.

யெஷிவா போன்ற மதப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் இந்த இழுபறியே இருக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். காலண்டர் சிக்கல் தீரும், உரிமை சுருங்கும். பெற்றோரே விரும்பித் தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கு முழு ஐ.இ.பி. உரிமை கிடையாது, மாவட்டம் ஒதுக்கும் ஒரு பங்கிலிருந்து சில சேவைகள் கிடைக்கலாம். இந்தப் போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் சட்மர் ஹசிதிம் என்ற கடும் ஆசார யூதப் பிரிவினர் வாழும் கிரியாஸ் ஜோயல் கிராமத்தின் சிறப்புக் குழந்தைகளுக்காக 1989-இல் மாநில அரசு தனிப் பள்ளி மாவட்டமே உருவாக்கியது. மதத்துக்குச் சலுகை என்று 1994-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சேடர் இரவில் பிள்ளையைத் தேர்வு எழுத வைப்பது

முதல் இரண்டு இரவும் சேடர் என்ற நீண்ட விருந்து. வீட்டின் கடைசிப் பிள்ளை "இந்த இரவு மட்டும் ஏன் வேறு?" என்று தொடங்கும் நான்கு கேள்விகளைப் பாட வேண்டும். இருட்டிய பிறகுதான் தொடங்கும், ஏப்ரலில் அது எட்டு மணி வாக்கில். வருடம் முழுக்கப் பள்ளியில் "கேள்வி கேட்கப் பழகுதல்" என்று குறிக்கோள் எழுதி வைத்த பிள்ளை, இருபது விருந்தாளிகள் முன்னால் அதை நிறைவேற்றிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அந்த வருடம் அவன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்று இரவு படிக்கும் ஹகாதா என்ற நூலிலேயே நான்கு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள். அறிவாளி, பொல்லாதவன், வெகுளி, நான்காவது கேட்கத் தெரியாத பிள்ளை. அவனைப் பற்றிய கட்டளை, "நீ அவனுக்குத் தொடங்கிக் கொடு". அந்த "நீ" எபிரேயத்தில் பெண்பால். தமிழில் அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் அவள் எனக்கு இரண்டு முறை சொல்லி விளக்கினாள்.

மறு வருடம் அவள் பெரியவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஆறு மணிக்கே, சமையலறை ஓரத்தில், அவனுக்கு மட்டும் ஒரு மட்ஸாவையும் நான்கு படங்களையும் வைத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கேள்வியின் முதல் சொல்லை அவள் பாடினாள். மூன்றாவது படத்தில் அவன் அவள் வாயைக் கையால் மூடிவிட்டு, மிச்சத்தைத் தானே முணுமுணுத்தான்.