கேபிள் டெஸ்டர்: விளக்கு சொல்வதும் சொல்லாததும்

பச்சை விளக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக ஓடியதும் "கேபிள் ஓகே" என்று சொல்லி டெஸ்டரைப் பைக்குள் போட்டுவிடுவதுதான் வழக்கம். நெட்வொர்க், டெலிபோன் கேபிள்களுக்கென்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த டெஸ்டர் சோதிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த முனையில் உள்ள பின்னுக்கும் அந்த முனையில் உள்ள பின்னுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று. வேகம் எவ்வளவு வரும், கேபிள் எத்தனை மீட்டர், உள்ளே இருப்பது செம்பா அலுமினியமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு விளக்குகளைப் படித்தால் இந்தச் சின்னக் கருவியே பாதிப் பழுதுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செருகுவதற்கு முன்

கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். டெலிபோன் லைனில் ரிசீவர் கீழே இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது அதோடு 75 வோல்ட் அளவுக்கு ஏசியும் சேரும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் டெஸ்டர் அதைத் தாங்காது. கை பட்டால் ஷாக்கும் அடிக்கும். நெட்வொர்க் கேபிளில் பயப்பட வேண்டியது பிஓஇ மின்சாரத்துக்கு, அதாவது அதே கேபிள் வழியாகக் கருவிக்குப் போகும் மின்சாரத்துக்கு. முறையான பிஓஇ ஸ்விட்ச், மறுமுனையில் கேமரா போன்ற கருவி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கரண்ட் அனுப்பும். மொட்டைமாடி வயர்லெஸ் ரேடியோக்களோடு வரும் 24 வோல்ட் இன்ஜெக்டர்கள் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் அடாப்டர்கள்) பலவும் எதையும் பார்க்காமல் எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, நன்றாக வேலை செய்யும் ஒரு சிறிய பேட்ச் கார்டை (இரு முனையிலும் பிளக்கோடு வரும் ரெடிமேட் கேபிளை) டெஸ்டரில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் ரிமோட்டின் (கேபிளின் மறுமுனையில் மாட்டும் சின்னப் பாகத்தின்) விளக்குகள் மங்கும், சில எரியாமலே போகும். இது நல்ல கேபிளை வெட்டி மறுபடி க்ரிம்ப் செய்ய (பிளக்கை அழுத்திப் பொருத்த) வைத்துவிடும்.

இன்னொன்று: டெலிபோனுக்கான சின்ன ஆர்ஜே11 பிளக்கை நெட்வொர்க்குக்கான ஆர்ஜே45 சாக்கெட்டில் செருகிச் சோதிக்காதீர்கள். அது உள்ளே போகும், ஆனால் பிளக்கின் பிளாஸ்டிக் ஓரம் சாக்கெட்டின் 1, 8 ஆகிய பின்களை அழுத்தி வளைத்துவிடும். டெஸ்டரில் ஆர்ஜே11க்குத் தனி சாக்கெட் இருக்கிறது.

நெட்வொர்க் கேபிளைச் சோதித்தல்

ஒரு முனையை மெயின் யூனிட்டில் செருகுங்கள், மறு முனையை ரிமோட்டில். ஸ்விட்சை மெதுவாக ஓடும் 'எஸ்' நிலையில் வையுங்கள். வேகமாக ஓடினால் ஒரு விளக்கு இடம் மாறி எரிவது கண்ணில் படாது. தனியாள் வேலை என்றால் மெயினை ஓடவிட்டுவிட்டு ரிமோட் இருக்கும் பக்கம் போய் நில்லுங்கள். சில மாடல்களில் கம்பி அறுந்திருந்தாலும் மெயின் பக்கம் எட்டு விளக்கும் எரியும் என்பதால், தீர்ப்புக்கு ரிமோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ரிமோட்டில் 3 மட்டும் எரியவில்லை என்றால் மூன்றாவது கம்பி ஓப்பன், அதாவது தொடர்பு அறுந்திருக்கிறது. மெயினில் 2 எரியும்போது ரிமோட்டில் 4 எரிந்தால் அந்த இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருந்தால் ரிமோட்டில் அந்த இரண்டு விளக்குகளும் எரியாது, சில மாடல்களில் இரண்டும் சேர்ந்து மங்கலாக எரியும். ஒரு விளக்குமே எரியவில்லையா? டெஸ்டர் ஒரு கம்பியில் அனுப்பும் மின்சாரம் இன்னொரு கம்பி வழியாகத்தான் திரும்பி வருகிறது. குறைந்தது இரண்டு கம்பிகளாவது சரியாக இருந்தால்தான் எதுவும் எரியும். ஆகவே மொத்தமாக இருட்டு என்றால் கேபிள் எங்கோ முழுதாக வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது வேறு கேபிளின் முனையில் ரிமோட்டை மாட்டியிருப்பீர்கள். 'ஜி' விளக்கு ஷீல்டுக்கானது, அதாவது கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறைக்கானது. அந்த உறை இல்லாத சாதாரண யுடிபி கேபிளில் அது எரியாமல் இருப்பதே சரி.

1க்கு 3, 2க்கு 6, 3க்கு 1, 6க்கு 2 என்று வந்தால் அது பழுதில்லை, பழைய கிராஸ் கேபிள். கம்பிகளை அடுக்க ஏ, பி என்று இரண்டு நிற வரிசை முறைகள் உண்டு; ஒரு முனை ஏ, மறு முனை பி என்று அடித்தாலும் இப்படித்தான் வரும். இரண்டு முனையும் பி முறையில் இருப்பதே நல்லது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன்.

எந்த முனையில் பழுது என்று டெஸ்டர் சொல்லாது. வெட்டுவதற்கு முன் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். எட்டுச் செம்பு நுனிகளும் முன்சுவரைத் தொட்டு நிற்க வேண்டும். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தால் அதுதான் ஆள். தங்க நிறத் தகடுகளில் ஒன்று மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் அது கம்பிக்குள் இறங்கவில்லை. அதே பிளக்கை க்ரிம்பிங் டூலில் வைத்து இன்னொரு முறை நன்றாக அழுத்துங்கள், பெரும்பாலும் வெட்டாமலே சரியாகிவிடும். கடைசியாக, டெஸ்டர் ஓடும்போதே இரு பிளக்குகளின் கழுத்தையும் மெல்ல ஆட்டுங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அந்த முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். "மழை பெய்தால் நெட் போகிறது", "கதவைச் சாத்தினால் கேமரா போகிறது" வகைப் புகார்களில் சில இப்படிப்பட்ட பிளக்கிலிருந்துதான் வருகின்றன.

வரிசையாக எரிந்தும் வேகம் வரவில்லை என்றால்

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒருவர் இரு முனையிலும் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று நிறவாரியாக அடுக்கி அடித்துவிடுகிறார். டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக ஓடும். ஆனால் ஈத்தர்நெட்டில் 3ம் 6ம் ஒரு ஜோடி, 4ம் 5ம் ஒரு ஜோடி. இந்த அடுக்கில் 3இல் வெள்ளை-பச்சை, 6இல் நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கில் இருக்கின்றன. சிக்னல் போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் ரத்தாகும். இப்படி ஒரு ஜோடி வேறு வேறு முறுக்கில் பிரிந்துபோவதற்கு ஸ்ப்ளிட் பேர் என்று பெயர். இரண்டு மீட்டர் கார்டில் தெரியாது, 40 மீட்டர் இழுத்தால் இணைப்பு விழும், அல்லது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். விளக்கு டெஸ்டரும் மல்டிமீட்டரும் இதைக் காட்டாது. நிற வரிசையைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கம்ப்யூட்டரில் 95ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் 4, 5, 7, 8 விளக்குகளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த நான்கில் ஒன்று ஓப்பன் ஆனாலும் நெட் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. க்ரிம்ப் செய்யும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமலும், மொத்த இணைப்பு பேட்ச் கார்டுகளோடு சேர்த்து 100 மீட்டருக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவாகக் கிடைக்கும் கேபிளில் செம்பு பூசிய அலுமினியம் இருக்கும். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். முழு பாக்ஸ் கேபிள் என்றால் ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கி ஷார்ட் செய்து, மறு முனையில் அந்த இரண்டு கம்பிக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல 24 கேஜ் செம்பில் 100 மீட்டருக்குச் சுமார் 17 முதல் 19 ஓம் வரும். 100 மீட்டருக்கு 27, 28 என்று வந்தால் அது அலுமினியம். பிஓஇ கேமராவுக்கு அதைப் போடாதீர்கள். வோல்டேஜ் வழியிலேயே விழுந்து, இரவில் ஐஆர் விளக்கு எரியும் நேரம் கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

டெலிபோன், இன்டர்காம் கேபிள்

லாட்ஜ், மருத்துவமனை, பழைய அலுவலகங்களில் இன்டர்காம் இன்னும் செம்புக் கம்பியில்தான் ஓடுகிறது. ஆர்ஜே11 பிளக்கில் ஆறு இடம் இருந்தாலும் ஒரு லைனுக்கு நடுவில் உள்ள இரண்டு பின்களே பயன்படுகின்றன. பெரும்பாலான டெஸ்டர்களில் 3, 4 எரியும், நான்கு கம்பிக் கார்டில் 2 முதல் 5 வரை. எண்கள் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் ஒரு புதுக் கார்டை மாட்டி உங்கள் டெஸ்டர் எப்படிக் காட்டுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

டெலிபோன் கார்டில் மெயினில் 3 எரியும்போது ரிமோட்டில் 4 எரிவது சாதாரணம். தட்டைக் கார்டுகள் தலைகீழாக அடிக்கப்பட்டே வருகின்றன. இன்றைய போன்களுக்கு பிளஸ், மைனஸ் மாறினாலும் பாதிப்பில்லை. இரண்டே கம்பி இருப்பதால் ஒன்று அறுந்தாலும் இரண்டு விளக்கும் போய்விடும். எது அறுந்தது என்று பார்க்க மல்டிமீட்டர் வேண்டும்.

லைன் வருகிறதா என்று பார்ப்பதற்கும் மல்டிமீட்டர்தான், டிசி 200 வோல்ட் ரேஞ்சில். வெளி லைனில் ரிசீவர் வைத்திருக்கும்போது 48 வோல்ட் சுமாராகவும், எடுத்தால் 10க்குக் கீழும் காட்டும். லைன் வந்து சேரும் பெட்டியில் 48 இருந்து அறைச் சுவரில் பூஜ்யம் என்றால் நடுவில் ஓப்பன் இருக்கிறது. ஷார்ட் என்றால் பெட்டியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். பெட்டியிலிருந்து அந்த ஜோடியைக் கழற்றி, போனையும் எடுத்துவிட்டு, இரண்டு கம்பிக்கிடையே 20 மெகாஓம் ரேஞ்சில் பாருங்கள். மீட்டர் அளவே காட்டாமல் நிற்க வேண்டும். சில கிலோஓம் காட்டினால் ஜாயின்ட்டில் ஈரம் ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் கரகரவென்று சத்தம் வரும் லைன்கள் இப்படித்தான் இருக்கும். டெஸ்டரில் அதே கேபிள் பச்சையாகவே எரியும். டேப் சுற்றி மூடாமல், பச்சைக் களிம்பு படிந்த பகுதியை வெட்டிவிட்டு ஜெல் நிரப்பிய கனெக்டரில் புதிதாக ஜாயின்ட் போடுங்கள்.