இருண்ட மறுகதையைப் படித்து மனம் இரண்டுபட்டால் குறிப்பு எழுதுவது எப்படி

சிறு வயதில் கேட்ட கதையை ஒருவர் கொடூரமாக மாற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மெச்சவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் நிற்கும்போது, உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

முதலில், உங்கள் மனத்தில் இருக்கும் பழைய கதை எந்த வடிவம் என்று பாருங்கள். குடியாத்தத்தில் என் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே சொன்ன சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில், ஓநாய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும். பாட்டியையும் பேத்தியையும் விழுங்கிய அதன் வயிற்றை வேட்டைக்காரர் வெட்டும் இடம் வந்ததும், பீடி இலை நறுக்கும் கத்தரிக்கோலை அம்மா உயர்த்திக் காட்டுவார். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டு நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் வேட்டைக்காரர் கையில் இருப்பது கத்தரிக்கோல்தான் என்று பின்னாளில் படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அதற்கு முன்பே, 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ வெளியிட்ட வடிவத்தில், ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிந்துவிடுகிறது. காப்பாற்ற எவரும் வருவதில்லை. ஆகவே, மறுகதை ‘மூலத்தைக் கெடுத்துவிட்டது’ என்று எழுதுமுன் எந்த மூலம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பென்சிலோடு மறுபடி படித்து, மனம் கலங்கிய வரிகளைக் குறியுங்கள். அண்மையில் நான் படித்த, இதே கதையின் மறுகதையில், வந்திருப்பது ஓநாய் என்று தெரிந்தே பாட்டி தாழ்ப்பாளை விலக்குகிறாள். தனிமை அவளை அந்த அளவுக்கு அரித்திருக்கிறது. அதே நூலில், ஓநாய் தின்பதை எலும்பு எலும்பாக விவரிக்கும் மூன்று பக்கங்களும் உண்டு. குறித்த பகுதியை நீக்கிவிட்டதாக எண்ணிக் கதையை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். அந்த மூன்று பக்கங்கள் இல்லாமலும் கதை நிற்கிறது. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் நிற்பதில்லை. என் வெறுப்பும் வியப்பும் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை என்பது அப்போதுதான் விளங்கியது.

பிறகு இரண்டையும் தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள். ‘ஆனால்’ போட்டு இணைக்காதீர்கள். இணைத்தால் பின்னால் வருவது முன்னதை விழுங்கிவிடும். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள்.

இத்தகைய நூலைச் சிறுவர் கையில் நேராகக் கொடுக்காமல், நீங்களே வாய்மொழியாகச் சொல்வது நல்லது. காட்பாடியில் என் தங்கை மகளுக்குத் தாழ்ப்பாள் வரைக்கும் சொல்லி நிறுத்தினேன். “அதுக்கு முன்னாடி பாட்டிய யாரும் வந்து பாக்கவே இல்லியா, பெரியம்மா?” என்று கேட்டாள். என் குறிப்பின் முதல் வரியை அடித்துவிட்டு அந்தக் கேள்வியை எழுதினேன்.